நோய் என்னவென்று தெரியாமல் அப்பா அம்மாவோடு அலையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், எடை இறங்கிக்கொண்டே போகிறது, சோறு இறங்கவில்லை. நாலு டாக்டரைப் பார்த்தாயிற்று, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இப்படி அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், இணையத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இங்கே அதிகம் பேசப்படாத தவறுகள்.

மாதிரி எடுக்கும் முன்பே மருந்து

"எப்படியாவது காய்ச்சலை இறக்குங்க டாக்டர்" என்று வீட்டார் நெருக்குவார்கள். ஒரு ஸ்டீராய்டு ஊசி போடப்படும். மறுநாள் அப்பா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார், வீடே நிம்மதியடையும். சில நாளில் காய்ச்சல் திரும்பிவிடும். ஆனால் கழுத்தில் கட்டி இருந்திருந்தால் அது அதற்குள் சுருங்கியிருக்கும், பயாப்சியில் (சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பதில்) உருப்படியாக எதுவும் கிடைக்காது. லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோயின் செல்களை ஸ்டீராய்டு தற்காலிகமாக அழிப்பதுதான் காரணம். உள்ளே இருப்பது காசநோய் என்றால் அது பரவவும் வழி செய்துவிடும்.

ஆன்டிபயாடிக்கும் லேசுப்பட்டதல்ல. இதய வால்வில் கிருமி தங்கியிருந்தால் அதைப் பிடிக்க பிளட் கல்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. மருந்து தொடங்கும் முன், குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில் குத்தி, பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். மருந்து போன பிறகு எடுத்தால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். சளிக்கென்று எழுதித் தருகிற லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். சளிப் பரிசோதனை சுத்தமாக வரும், நோய் உள்ளேயே இருக்கும்.

ஆகவே சீட்டை வாங்கும்போதே இரண்டு கேள்வி: "கல்சர் எடுத்தாச்சா? இதுல ஸ்டீராய்டு இருக்கா?" பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், டெஃப்ளசகார்ட் எல்லாம் ஸ்டீராய்டுதான். ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது, அதுவும் ஆபத்து. ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சு வாங்குகிறது, நினைவு தடுமாறுகிறது, பார்வை மங்குகிறது என்றால் கதை வேறு. அங்கே மருந்தைத் தாமதிக்கச் சொல்லி யாரும் வாதாடக் கூடாது.

பயாப்சி டப்பாவில் நடப்பது இன்னும் எரிச்சலூட்டும். தியேட்டர் வாசலில் மகன் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். எடுத்த சதை மொத்தமும் ஃபார்மலினில் கிடக்கும். சதை கெடாது, கிருமி செத்துவிடும். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் "காசநோயாக இருக்கலாம், கல்சர் செய்து பார்க்கவும்" என்று வரும். எதை வைத்துச் செய்வது? மறுபடி கத்திதான், அதுவும் எழுபது வயது உடம்பில். அறுவைக்கு முந்தைய நாளே கேளுங்கள்: ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொன்று கிருமி நீக்கிய டப்பாவில் நார்மல் சலைனில், சிபிநாட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) காசநோய்க் கல்சருக்கும். சிபிநாட் இயந்திரம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும், கல்சருக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். லிம்போமா சந்தேகம் இருந்தால் ஊசி குத்தி உறிஞ்சுவதைவிட முழு நெறிக்கட்டியையும் எடுப்பதே மேல்.

ஒரே ஒரு விடால் பாசிட்டிவ்

விடால் என்பது டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை. அது ஒருமுறை பாசிட்டிவ் வந்ததை மட்டும் வைத்து மூன்றாவது தடவையாக டைபாய்டு மருந்து வாங்காதீர்கள்.

டியூமர் மார்க்கர் பார்த்து அழுவது

டியூமர் மார்க்கர் என்பது புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு பொருளின் அளவு. அவற்றில் ஒன்றான சிஏ 125 வயிற்றுக் காசநோயிலும் ஏறும். அந்த எண் மட்டும் புற்றுநோய் ஆகாது.

உடம்பை முழுதாகப் பார்க்காதது

சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலில் கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, புடவை கட்டும் இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் இருக்கும். அம்மா கூச்சத்தில் சொல்ல மாட்டார். மகளோ மருமகளோ குளிக்க வைக்கும்போது பார்த்துவிடலாம்.

மாத்திரை கொடுத்த பிறகு தெர்மாமீட்டர்

பாராசிட்டமாலுக்கு முன்னால் வையுங்கள். நேரத்தையும் எழுதுங்கள்.

பற்பம், செந்தூரத்தை மறைப்பது

டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்கிறார்கள். சில தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருக்கும். ஈயம் ஏறினால் வயிற்று வலியும் ரத்தசோகையும் வரும், காரணம் தெரியாமல் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள். பாட்டிலோடு கொண்டு போங்கள்.

ரிப்போர்ட் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போவது

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது ஸ்கேன் சிடியும் பயாப்சியின் பாராஃபின் பிளாக்கும் (சதையை மெழுகில் பதித்த கட்டி) ஸ்லைடும் கையில் வேண்டும். பிளாக் லேபிலேயே இருக்கும், எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள்.

வாரத்துக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட்

இதயத்துக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று போனால் மொத்த மனிதரை யாரும் பார்ப்பதில்லை. பொது மருத்துவம் படித்த எம்.டி. ஒருவரிடம் ஃபைல் இருக்கட்டும், மற்றவர்களிடம் அவரே அனுப்பட்டும். ஒவ்வொரு முறையும் அடுத்து எதைத் தேடுகிறோம், முடிவு எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"ஒண்ணுமில்லப்பா, வாயுதான்"

இப்படிச் சொல்லி வைத்தால், ராத்திரி வியர்த்து பனியன் நனைவதையும் மலத்தில் ரத்தம் போவதையும் அவரும் ஒன்றுமில்லை என்றே விட்டுவிடுவார். "இன்னும் கண்டுபிடிக்கலப்பா, வியாழக்கிழமை பயாப்சி" என்று சொல்லுங்கள். பிறகு தூக்கம், வியர்வை, மலம், மூட்டு வலி, பசி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.