விலை சொல்லும் முன் பெட்டியை எடை போடுங்கள்

பருவநிலை மாற்றம் பற்றி ஒரு போர்டு கேம் செய்து, க்ரவுட்ஃபண்டிங்கில், அதாவது இணையதளம் வழியாகப் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டப் போகிறீர்களா? எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கும் அல்லது சேர்ந்தே தோற்கும் ஆட்டம் என்றால் இந்த விஷயத்துக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் திரட்ட வேண்டிய இலக்குத் தொகையை அறிவிக்கும் முன் ஒரு மாதிரிப் பெட்டியை முழுசாகச் செய்து எடை போட்டுப் பாருங்கள். சேலத்தில் தபால் நிலையத் தராசில் வைத்த அன்றுதான் எனக்கு அனுப்பும் செலவு என்று ஒன்று இருப்பதே உறைத்தது.

அச்சகத்தில் "லேமினேஷன் போட்டுடலாமாண்ணா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அட்டைமேல் ஒட்டும் அந்த மெல்லிய படலம் பிளாஸ்டிக். அப்புறம் அதைப் பழைய காகிதத்தோடு சேர்த்து மறுசுழற்சி செய்வது கஷ்டம். அதற்குப் பதிலாக, தண்ணீரில் கரைத்த பூச்சான வாட்டர் பேஸ் வார்னிஷ் கேளுங்கள். கார்டு கட்டைச் சுற்றவும் பிளாஸ்டிக் வேண்டாம், ஒரு காகிதப் பட்டை போதும்.

காய்களுக்கு, ஏற்காடு காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே சில்வர் ஓக், அதன் கழிவுத் துண்டுகள் கிடைத்தால் நல்லது. பல்லாங்குழி நினைப்பில் நான் முதலில் புளியங்கொட்டை வைத்தேன். இரண்டே மாதத்தில் வண்டு துளைத்து, பெட்டிக்குள் மாவாகக் கொட்டிக் கிடந்தது!

இலக்கு எட்டாவிட்டால் பணம் திரும்பிப் போகுமா, வந்தவரை நமக்கா என்பதையும் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பிப் போகிற முறைதான் நிம்மதி. பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு பாதி ஆட்டத்தை அச்சடிக்க முடியாது. தளத்தின் கமிஷனையும் இலக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.