கொண்டைக்கு எட்டாத கை: தோள்வலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தை கொண்டை போடுவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. வலது கை பின்னந்தலை வரை போகவில்லை. "மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். வேலூரில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு இது பழகிப்போன தீர்ப்பு. இன்னொரு காரணமும் அடிக்கடி காதில் விழும்: "ஃபேன் காற்றில் படுத்தேன், பிடித்துக்கொண்டது." நம் ஊர் வெயிலில் பாவம், அந்த ஃபேனுக்கு இந்தப் பழியும் சேர்கிறது.

தோளை முழங்காலைப் போல நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. முழங்கால் உடம்பைத் தாங்குகிறது. தோளோ கையைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் தோளில் தேய்மானத்தைவிடத் தசைநாரிலும் மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும் வரும் கோளாறுகளே அதிகம். பள்ளிக்கூடத்தில் 'பந்துக் கிண்ண மூட்டு' என்று படித்தோம். இடுப்பில் இருப்பது உண்மையிலேயே கிண்ணம். தோளில் இருப்பது ஆழமில்லாத தட்டு. அதன்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல மேற்கை எலும்பின் தலை உட்கார்ந்திருக்கிறது. பழம் உருளாமல் பிடித்துக்கொள்வது, சுற்றிலும் நான்கு சிறு தசைகள் சேர்ந்த ஒரு பட்டை.

அந்தத் தட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கறிக்கடையில் ஆட்டின் முன்னங்கால் சப்பையில் தட்டையான முக்கோண எலும்பு ஒன்று வருமே, நமக்கு அதுதான் தோள்பட்டை எலும்பு. முதுகில் விலா எலும்புகளின் மேல் தசைகளின் பிடியில் அது வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. நடு உடம்போடு அதற்குள்ள எலும்புத் தொடர்பு, கழுத்தடியில் குறுக்கே ஓடும் காறை எலும்பு ஒன்றுதான்.

வீட்டில் ஒரு பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லி, உங்கள் உள்ளங்கையை அந்த எலும்பின் கீழ் நுனியில் வையுங்கள். மெல்லக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். முதல் 30 பாகைக்கு நுனி ஏறக்குறைய அசையாது. பிறகு அக்குள் பக்கமாக வெளியே திரும்பத் தொடங்கும். கை காதைத் தொடும்போது நுனி விலாவின் பக்கவாட்டுக்கே வந்திருக்கும். இன்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1944இல் இதை அளந்து எழுதினார்கள்: மொத்தம் 180 பாகையில் ஏறக்குறைய 120 பந்து மூட்டில், மீதி 60 தோள்பட்டை எலும்பில். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் மூன்றில் ஒரு பங்கை முதுகு செய்கிறது என்பதை மறந்துவிட்டுக் கையை மட்டும் பிடித்து இழுப்பவர்கள்தான் ஏராளம். கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். கை ஏறும் முன்பே தோள் காதை நோக்கி எழும்பினால், வேலை தவறான தசைக்குப் போய்விட்டது என்று பொருள்.

அடுத்த தவறு உள்ளங்கை தரையைப் பார்த்தபடியே கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது. இப்போதே செய்து பார்க்கலாம். தோள் மட்டத்தைத் தாண்டியதும் இறுகும். உள்ளங்கையை மேலே திருப்புங்கள், வழி விட்டுவிடும். மேற்கை எலும்பின் தலையருகே ஒரு புடைப்பு இருக்கிறது. கையை வெளிப்பக்கமாகத் திருப்பாமல் தூக்கினால் அது தோளின் கூரையில் போய் முட்டும். இடையில் நசுங்குவது, பழத்தைப் பிடித்திருக்கும் அந்த நான்கு தசைகளில் ஒன்றின் தசைநார். உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டைவிரலைக் கீழே காட்டியபடி எடை தூக்கும் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். காட்பாடியில் ரயில் ஏறியதும் பெட்டியைக் கை நீட்டி மேல் பர்த்துக்கு வீசுவதும் இதே வகைதான். பெட்டியை முதலில் மார்போடு அணைத்து, முழங்கைகளை உடம்பருகே வைத்துத் தூக்க வேண்டும்.

வலிக்கிறது என்று வாரக்கணக்கில் கையைத் தூளியில் தொங்கவிடுவது, என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசம். 40 முதல் 60 வயதுக்குள், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, மூட்டின் உறை சுருங்கித் தோள் இறுகிப்போவது அதிகம். முதலில் இரவு வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்லத் தளர்வு என்று பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை இழுக்கும். தசைநார் கிழிந்தவருக்குத் தானாகக் கை எழும்பாது, இன்னொருவர் தூக்கினால் போகும். உறை இறுகியவருக்கு யார் தூக்கினாலும் போகாது. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு முன்கையை வெளியே திருப்பிப் பாருங்கள்; இறுகிய தோளில் அந்தத் திருப்பம்தான் முதலில் போய்விடும்.

தை மாதம் காளை விடும் விழாக்கள் வந்தால் வேறு கதை. தெருவில் ஓடி விழுந்து கையை ஊன்றியவனின் தோள் பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும். அங்கேயே ஒருவர் சுளுக்கு எடுக்கும் தோரணையில் இழுக்க வந்துவிடுவார். விடாதீர்கள். மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே, அதன் கழுத்துப் பகுதியைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது; இழுத்தால் அது அடிபடலாம். கூடவே எலும்பு முறிந்திருந்தாலும் வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுக்கும் வரை கையை அப்படியே தாங்கிப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

கையை அசைத்தால் மாறாமல், இரத்தினகிரிப் படி ஏறினால் மட்டும் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் இடது தோள்வலிக்கு என்னிடம் வராதீர்கள். அன்றே இதய மருத்துவரிடம் போங்கள்.

அத்தைக்குச் சர்க்கரை எட்டு ஆண்டாக இருக்கிறது. முழங்கையை இடுப்போடு ஒட்டி, துடைப்பக் குச்சியால் முன்கையை வெளியே தள்ளும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை, என்னைத் திட்டிக்கொண்டே செய்தார். பதினான்காம் மாதம் கொண்டை போட்டார். அது இன்னமும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது.