கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் எழுதிய கோப்பின் பெயர், புள்ளிக்குப் பின் பெரிய சி எழுத்தில் முடிந்தால், ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அதைச் சி நிரலாக ஏற்பதில்லை. உள்ளே எந்த மொழி இருக்கிறது என்று ஆராயாமல், பெயரின் பின்னொட்டை வைத்தே முடிவெடுக்கும் அந்தக் கம்பைலருக்குச் சிறிய சி என்றால் சி, பெரிய சி என்றால் சி பிளஸ் பிளஸ். நினைவகம் ஒதுக்கும் மாலக் தரும் வாய்ட் சுட்டியை (வகை குறிக்காத நினைவக முகவரி) இன்ட் சுட்டியில் (முழு எண்ணின் முகவரி) அப்படியே இடும் வரி சி மொழியில் செல்லும். பின்னொட்டு மாறியதும் அதே வரி பிழையாகிவிடும். இரண்டு சி எழுத்துகளும் ஒரே வடிவில், அளவில் மட்டும் வேறுபடுவதால், பலர் பெயரைப் பார்க்காமல் வரியிலேயே குற்றம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதைவிடத் தந்திரமானது அசெம்பிளி மொழிக் கோப்பு. பெரிய எஸ் பின்னொட்டு இருந்தால்தான் ஜிசிசி கோப்பை முதலில், டிஃபைன், இன்க்ளூட் போன்ற வரிகளைக் கையாளும் பிரீபிராசஸருக்கு அனுப்பும். சிறிய எஸ் இட்டுவிட்டால், எக்ஸ்86 கணினிகளில் ஹேஷ் குறியுடன் தொடங்கும் டிஃபைன் வரி வெறும் குறிப்புரையாகக் கருதப்பட்டுச் சத்தமில்லாமல் கழிந்துவிடும். அங்கே வரையறுத்த பெயர் கிடைக்கவில்லை என்று பிறகு, நிரலின் பகுதிகளை இணைக்கும் லிங்கர்தான் புகார் சொல்லும். ஃபோர்ட்ரான் மொழிக் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானிலும் பெரிய எஃப், சிறிய எஃப் இடையே இதே வேறுபாடு உண்டு.

பிற நிரல்களில் இன்க்ளூட் செய்யப்படும் ஹெடர் கோப்புகளில் சிக்கல் கம்பைலருடையது அன்று, கோப்பு முறைமையுடையது. விண்டோஸும் மேக்கும் இயல்பாக எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். 'விண்டோஸ்.ஹெச்' என்பதைப் பெரிய டபிள்யூவில் தொடங்கி இன்க்ளூட் செய்த நிரல், லினக்ஸில், விண்டோஸுக்கான நிரல்களை உருவாக்கும் மிங்டபிள்யூ கொண்டு கம்பைல் செய்யும்போது நின்றுவிடும். அங்கே அந்தக் கோப்பு முழுவதும் சிறிய எழுத்தில் இருக்கிறது. இன்க்ளூட் வரியில் எழுதியதும் வட்டில் உள்ள பெயரும் எழுத்தளவில் மாறுபட்டால் கிளாங் என்ற கம்பைலர் எச்சரிக்கும். அதை அணைத்துவைப்பது தவறு.

ஜாவாவில் பப்ளிக் கிளாஸின் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் எழுத்தளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கிளாஸ்களை ஒரே பேக்கேஜில் வைத்தால், விண்டோஸில் ஒன்றின் கிளாஸ் கோப்பு மற்றதன்மேல் எழுதப்பட்டுவிடும்.

தவறைத் திருத்தும்போதும் ஒரு தவறு நேர்கிறது. விண்டோஸில் கோப்புப் பெயரின் ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அதை மாற்றமாகவே கருதாமல் பழைய பெயரையே வைத்திருக்கும். ஆகவே எக்ஸ்புளோரரில் மாற்றாமல், 'கிட் எம்வி' கட்டளையால் மாற்ற வேண்டும்.