எடிசன் நிஜமாகவே சொன்னாரா? சுவரில் எழுதும் முன் பார்த்துக்கொள்ள ஒரு வழி

ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எந்தப் பள்ளிக் காம்பவுண்டைப் பார்த்தாலும் எடிசன் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். டியூஷன் சென்டர் ஃபிளக்ஸ், மோட்டார் பட்டறை காலண்டர், விடிந்ததும் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும் குட் மார்னிங் படம், எங்கும் அவர்தான். ஆண்டு விழாவுக்கு பேனர் அடிக்கப் போன இடத்தில் கடைக்காரர் "ஏனுங்க, எடிசன் சொன்னது ஒண்ணு போட்டுறலாமுங்களா?" என்று கேட்டால், தலையாட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் அதற்குள் உண்மை பிடிபட்டுவிடும்.

கருத்து நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். நல்ல கருத்தாக இருப்பதால்தான் அதற்குப் பெரிய பெயர் ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது முதலில் எப்போது அச்சில் வந்தது, அப்போது ஆள் உயிரோடு இருந்தாரா? எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11, இறந்தது 1931 அக்டோபர் 18. வாயைத் திறந்தாலே பேட்டியாகப் போட்டுவிடக் காத்திருந்த பத்திரிகைக்காரர்கள் அவரைச் சுற்றி எப்போதும் உண்டு. அப்படிப்பட்டவர் சொன்ன அருமையான வரி அவர் வாழ்நாளில் ஒரு இடத்திலும் அச்சாகாமல், பல வருஷம் கழித்து ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தில் திடீரென்று முளைக்கிறது என்றால் அதை நம்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'செயல் இல்லாத தொலைநோக்கு வெறும் பிரமை' என்று அவர் பெயரில் சுற்றுவது அந்த ரகம். எம்பிஏ வகுப்பு வாடை அதில் நன்றாகவே அடிக்கிறது.

தேடுவதற்குத் தமிழ் வரி உதவாது. ஆங்கில வடிவத்தைக் கண்டுபிடித்து, அதில் வேறு யாரும் எளிதில் எழுதாத நாலைந்து சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முழு வரியையும் போட்டால் போஸ்டர்கள்தான் வரும். கூகுள் புக்ஸில் 1931-க்கு முந்தைய புத்தகம் மட்டும் என்று வருஷத்தை வரம்பிடலாம், இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எடிசன் பேப்பர்ஸ் தளத்தில் அவருடைய கடிதங்களும் நோட்டுகளும் படமாகவே கிடைக்கின்றன, பொன்மொழிகளின் மூலத்தைத் தேடிப் பார்க்கும் கோட் இன்வெஸ்டிகேட்டர் தளத்தில் பல வரிகளுக்கு வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். கூகுள் புக்ஸ் காட்டும் வருஷத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு பத்திரிகை தொடங்கிய ஆண்டையே அதன் எல்லா இதழ்களுக்கும் போட்டு வைத்திருப்பார்கள், 1960-ல் வந்த இதழ் 1890 என்று நிற்கும். பக்கத்தைத் திறந்து தேதியைக் கண்ணால் பாருங்கள். ஏஐ-யிடம் கேட்டால் புத்தகப் பெயர், பக்க எண் எல்லாம் கொடுக்கும், அந்தப் பக்கம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது உங்கள் வேலை.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'நான் தோற்கவில்லை, பல்ப் எரியாத பத்தாயிரம் வழிகளைக் கண்டுபிடித்தேன்.' இதன் வேர் கிடைக்கிறது. 1910-ல், எடிசன் உயிரோடு இருந்தபோதே, ஃபிராங்க் டயர், தாமஸ் மார்ட்டின் இருவரும் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்கள். டயர் எடிசனின் வக்கீல். புத்தகம் குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வால்டர் மல்லரி என்ற கூட்டாளி அதில் சொல்கிறார்: பேட்டரிக்காக ஒன்பதாயிரத்துக்கும் மேல் சோதனை ஓடியும் ஒன்றும் தேறாத நேரத்தில் பட்டறைக்குப் போய், இவ்வளவு உழைத்தும் பலன் இல்லையே என்று எடிசனிடம் வருத்தப்பட்டாராம். எடிசன் சட்டென்று திரும்பி, சிரித்துக்கொண்டே, 'பலனா? நிறையக் கிடைத்திருக்கிறதே, வேலைக்கு ஆகாத சில ஆயிரம் விஷயங்கள் எனக்குத் தெரியுமே' என்றாராம். ஆக, சோதனை பல்புக்கு இல்லை, பேட்டரிக்கு. பத்தாயிரம் என்ற எண்ணும் அவர் வாயில் இல்லை, 'நான் தோற்கவில்லை' என்ற பஞ்ச் டயலாக்கும் இல்லை. என்னைக் கேட்டால் பட்டறையில் நின்று சொன்ன பழைய வரிதான் நன்றாக இருக்கிறது.

எண் வரும் பொன்மொழி என்றாலே கொஞ்சம் உஷாராக இருங்கள். மேதைமை என்பது ஒரு சதவீதம் உள்ளுணர்வு, தொண்ணூற்றொன்பது சதவீதம் வியர்வை என்பதன் இன்னொரு வடிவம் 1898 ஏப்ரல் லேடீஸ் ஹோம் ஜர்னலில் இரண்டும் தொண்ணூற்றெட்டுமாக இருக்கிறது, வியர்வைக்குப் பதில் கடின உழைப்பு. நமக்குத் தெரிந்த ஒன்றும் தொண்ணூற்றொன்பதும் 1932 செப்டம்பர் ஹார்ப்பர்ஸ் இதழில், அவரிடம் வேலை பார்த்த ரோசனாஃப் எழுதிய நினைவுக் கட்டுரையில் வருகிறது. எடிசன் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அதனால் பொய் என்று தள்ள வேண்டாம். கருத்து அவருடையது, கணக்கு சொல்லச் சொல்ல மாறியிருக்கிறது.

சில வரிகள் வேறு வழியில் அவர் மேல் ஏறியவை. யோசிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்க மனிதன் எந்தக் குறுக்கு வழிக்கும் போவான் என்ற வரியை எடிசன் தன் தொழிற்சாலையில் மாட்டி வைத்திருந்தார். ஆனால் அது ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் பெயரில் வழங்கும் வரி. யார் சுவரில் தொங்கியதோ அவர் சொன்னதாகவே ஆகிவிட்டது.

சோலார் பேனல் விற்பவர்கள் போடும் 'என் பணத்தைச் சூரியன் மேல் போடுவேன்' நடுத்தர ரகம். 1931-ல் எடிசன் பேசக் கேட்டதாக அவருடைய நண்பர் ஜேம்ஸ் நியூட்டன் சொல்கிறார், புத்தகமாக வந்தது 1987-ல். ஐம்பத்தாறு வருஷ ஞாபகம் என்று அடியில் போட்டுவிட்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இயற்கை மருத்துவக் கடைகளில் தொங்கும் 'வருங்கால மருத்துவர் மருந்து தரமாட்டார்' விஷயம்தான் வேடிக்கை. அது 1903 ஜனவரி தொடக்கத்திலேயே அமெரிக்கப் பத்திரிகையில் வந்த பேட்டி, போலி இல்லை. ஆனால் அதே பேட்டியில் உணவுமுறையோடு அறுவை சிகிச்சையையும் கிருமிநாசினியையும் சேர்த்து, எதிர்காலத்தில் இவைதான் முக்கியம் என்கிறார். பேனரில் இது ஏன் ஏறுவதில்லை என்று உங்களுக்கே புரியும்! மூலம் கிடைத்துவிட்டது என்று நிறுத்தாமல் மேலே நாலு வரி, கீழே நாலு வரி படிக்கச் சொல்வது இதற்குத்தான்.

கடைசியாக அந்த அம்மா கடிதம். உங்கள் மகன் மனநலம் குன்றியவன் என்று பள்ளி அனுப்பிய கடிதத்தை, உங்கள் மகன் மேதை என்று அம்மா மாற்றிப் படித்தாராம், பல வருஷம் கழித்துப் பெட்டியில் அது கிடைத்து எடிசன் அழுதாராம். வாழ்க்கை வரலாறுகளில் இருப்பது வேறு: வாத்தியார் தன்னை மூளை குழம்பியவன் என்று சொன்னதை எடிசன் தானே காதால் கேட்டு வந்து அம்மாவிடம் சொல்கிறார், நான்சி எடிசன் நேரே பள்ளிக்குப் போய் வாத்தியாரை ஒரு பிடி பிடிக்கிறார், அப்புறம் வீட்டிலேயே பாடம். மறைத்து வைக்க ரகசியமே இல்லை. கண்ணீர் விட வைக்கும் பார்வேர்டு என்றால் இரண்டு மடங்கு தேடுங்கள்.

தேடி முடித்ததும் வரியின் கீழ் வெறும் 'எடிசன்' என்று போடாதீர்கள். 'எடிசன், மல்லரி சொன்னபடி, 1910' என்று போட இடம் இருக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் பெயரை எடுத்துவிட்டு வரியை மட்டும் எழுதுங்கள், குழந்தைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நம்ம ஊர் எடிசன் ஜி.டி. நாயுடுவுக்கும் இதே சோதனைதான். கலங்கலில் 1893-ல் பிறந்தவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கியவர், 1974 ஜனவரியில் காலமானவர். இவர் பெயரில் வரும் வரிகளுக்கு ஆங்கிலத் தேடல் அவ்வளவாக உதவாது, பழைய தமிழ் இதழ்களையும் பேச்சுகளையும்தான் புரட்ட வேண்டும், கோவை அவினாசி ரோட்டில் இருக்கும் அவர் அருங்காட்சியகத்தில் கேட்டும் பார்க்கலாம். நாயுடு பேசியதை நேரில் கேட்டதாகச் சொல்லும் பெரியவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். எங்கே கேட்டார், எந்த வருஷம், அப்போது கூட யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, அவர் பெயரையும் வரியோடு சேர்த்தே எழுதுங்கள்.