சக்கரம் சுழன்றதும் நின்றுபோன நேரலைப் படம்

இரண்டு மோட்டார்களும் இரண்டு 18650 வகை லித்தியம் மின்கலங்களும் கொண்ட என் சிறு ரோபோ போகும் வழியைக் கைபேசியில் நேரலையாகக் காண விரும்பி, அதன் முகப்பில் கேமராவும் வைஃபையும் கொண்ட ஈஎஸ்பி32-கேம் என்ற சிறு மின்னணுப் பலகையைப் பொருத்தினேன். ரோபோ நின்றிருந்தவரை படம் தெளிவாக வந்தது. சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியிலேயே படம் உறைந்து, வைஃபை இணைப்பும் அறுந்தது.

சிக்னல்தான் போதவில்லை என்று நினைத்து இரண்டு மாலைப் பொழுதுகளை ரவுட்டரிடம் கழித்தேன். பிறகு பலகை அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து பார்த்தபோது, மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் மிகவும் சரிந்துவிட்டதைக் குறிக்கும் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்ற வரி தோன்றி, பலகை புதிதாகத் தொடங்குவது தெரிந்தது. கேமராவுக்கான 5 வோல்ட்டை மோட்டார்களை இயக்கும் டிரைவர் பலகையில் உள்ள, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்தே எடுத்திருந்தேன். வைஃபை வழியே படம் அனுப்பும்போது பலகை சில நூறு மில்லியாம்பியர் இழுக்கும். அதே கணத்தில் மோட்டாரும் மின்கலத்தின் அழுத்தத்தைச் சரித்தால் அந்த ரெகுலேட்டரால் ஈடுகொடுக்க இயலாது.

ஆகவே மின்கலத்திலிருந்து நேராக, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் தனி பக் கன்வெர்ட்டர் ஒன்றை இணைத்து, கேமராவை மாட்டும் முன்பே மல்டிமீட்டரைப் பார்த்தபடி அதன் பித்தளைத் திருகை மெல்லத் திருப்பி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். பலகையின் மின்முனைகளுக்கு அருகிலேயே, திடீர் மின் தேவையை ஈடுசெய்ய 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும், ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்கு இடையே, அதன் மின் இரைச்சலை அடக்க 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரையும் பற்றவைத்தேன். கிரவுண்ட் (எதிர்முனை) வயர்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதைத் தவறவிடவே கூடாது.

கடைசியாகப் பட அளவை 1600×1200-லிருந்து 640×480-க்குக் குறைத்தபோது தாமதமும் வெகுவாகக் குறைந்தது. இப்போது கட்டிலுக்கு அடியில் ரோபோ திரும்பும்போதும் படம் அறுவதில்லை.