உமரியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: கடலோர வீட்டில் ஒரு சின்னச் சக்குலன்ட் (சதைப்பற்றுச் செடி) வளர்க்க

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் போனவர்கள் உமரிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். உப்புச் சேற்றில் நின்றுகொண்டே குண்டு குண்டாக இலை விட்டிருக்கும். இலை குண்டாக இருந்தால் உப்பைத் தாங்கும் போல என்று நானாகக் கணக்குப் போட்டு, கொடைக்கானலில் வாங்கி வந்த எச்செவெரியாவுக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். ரோஜாப்பூ மாதிரி இருந்த செடி. வைகாசி முடிவதற்குள் அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் வெந்த ஜவ்வரிசி போல விரலோடு வந்துவிட்டன.

தப்பு உப்பில் மட்டும் இல்லை. எச்செவெரியா பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி, அதற்கு ராத்திரி குளிர வேண்டும். இந்த வகைச் செடிகள் ஈரம் போகாமலிருக்கப் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். நம் ஊரில் சித்திரை மாதம் நடுராத்திரியிலும் சுவர் சுடுகிறது, அது எப்போதுதான் மூச்சு விடும்? அதனால் முதல் செடியாக ஹவொர்த்தியா வாங்குங்கள். கற்றாழைக் குட்டிக்கு வெள்ளை வரி போட்டது போல இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும். தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது என்பதால் திண்ணை வெளிச்சமே போதும். உச்சி வெயிலில் வைத்தால் இலை சிவந்து சுருங்கும்.

சட்டி மண்சட்டியாக, நாலு அங்குலத்துக்கு மேல் போகாமல், அடியில் ஓட்டையோடு இருக்கட்டும். பெரிய சட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டு வரும். மண் கலவைக்கு ஒரு கை செம்மண், அரைக் கை நன்றாக மட்கிய சாணி உரம், இரண்டு கை பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் சில்லு. கூடவே சீமைக்கருவேலக் கரி கொஞ்சம். நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்கா பஞ்சம், தூளை விட்டுவிட்டுத் துண்டாகப் பொறுக்கி வாருங்கள். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பைக் கழுவினாலும் சிப்பித்தூள் போகாது. கலவை சரியா என்று பார்க்க ஒரு டம்ளர் ஊற்றிப் பாருங்கள், மேலே குளம் கட்டாமல் சட்டென்று அடியில் ஒழுக வேண்டும்.

சரி, தண்ணீர். "வாரத்துக்கு ஒரு தடவை" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு காய்ந்த ஈர்க்குச்சியைச் சட்டி ஓரமாக அடிவரை இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனி கறுத்து மண் ஒட்டியிருந்தால் இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இறக்கியபடியே காய்ந்து வந்தால் சாயங்காலம் அடியில் ஒழுகும்வரை ஊற்றிவிட்டு அப்புறம் மறந்துவிடுங்கள். கொஞ்ச நாளில் சட்டியைத் தூக்கும்போதே கனத்தை வைத்துக் கை சொல்லிவிடும், குச்சி தேவைப்படாது. கடுங்கோடையில் ஹவொர்த்தியா பாதி தூக்கத்தில் இருக்கும். வெயில் அடிக்கிறதே என்று பாவம் பார்த்துக் கூடுதலாக ஊற்றினால் வேர் போய்விடும்.

ஊற்றுவது மழைத் தண்ணீராகவோ, காவிரிக் குழாய்த் தண்ணீராகவோ, ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்ததாகவோ இருக்கட்டும். குடங்களை அடுக்கித் தள்ளுவண்டி தள்ளுகிற ஊரில் செடிக்கு நல்ல தண்ணியா என்று வீட்டில் ஏச்சு விழும், எனக்கும் விழுந்தது. ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்தான் ஆகும். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால், சட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் நல்ல தண்ணீர் ஒரு செம்பு விட்டு மண்ணை அலசிவிடுங்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இலை இடுக்கெல்லாம் நிரப்பும். ஈரத்துணியில் துடைக்காமல், வாயால் ஊதிவிட்டு மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை சாரல் படாத இடமாக உள்ளே தள்ளி வையுங்கள். அந்த மாதங்களில் மூன்று வாரம் தண்ணீர் காட்டாமலே என் செடிகள் கிடந்திருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. இலை இடுக்கில் பஞ்சு மாதிரி தெரிந்தால் அது மாவுப்பூச்சி, மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு எடுத்துவிடுங்கள்.

ஒரு வருஷம் போல ஆனதும் அடியில் குட்டி எட்டிப் பார்க்கும். தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்தபின் வேரோடு பிரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்ததும் நடலாம். நட்ட வாரம் தண்ணீர் வேண்டாம். என் முதல் குட்டியை அந்த எச்செவெரியா செத்த சட்டியிலேயே வைத்தேன், விளிம்பு உப்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான்.