பாக்கெட் இழப்பைச் சரியாக அளவிடுவது எப்படி?

பிணையக் கண்காணிப்பு மென்பொருளில் பாக்கெட் இழப்பை (அனுப்பிய தரவுத் துண்டுகள் வழியில் தொலைவதை) அளவிட, எந்த முகவரிக்கு, எத்தனை பிங் (பதில் கேட்டு அனுப்பும் சோதனைப் பாக்கெட்), எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அனுப்பியவற்றுள் பதில் வராதவற்றின் விழுக்காடே இழப்பு என்பதால், எண்ணிக்கை குறையக் குறைய அளவீட்டின் நுட்பமும் குறையும்: 5 பிங் அனுப்பும்போது ஒன்று தொலைந்தாலே 20 விழுக்காடு என்று காட்டும், ஸ்மோக்பிங் என்னும் கண்காணிப்பு மென்பொருளின் இயல்பு அமைப்போ 300 விநாடிக்கு 20 பிங் அனுப்புவதால், ஒன்றின் இழப்பு அங்கே 5 விழுக்காடுதான். ஆகவே ஒரே ஒரு சுற்றின் முடிவைக் கொண்டு எச்சரிக்கை எழுப்பாமல், தொடர்ந்து மூன்று சுற்றுகளிலாவது இழப்பு தென்பட்டால் மட்டும் எழுப்பும்படி அமைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இழப்பு எங்கே நிகழ்கிறது என்று அறிய, வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரையும் ஒரு கட்டமாகக் காட்டும் எம்டிஆர் என்னும் கருவி உதவும். ஆனால், இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இடைவழியிலுள்ள ரூட்டர்கள் பல, தம்மிடம் ஆயுள் (டிடிஎல்) முடியும் சோதனைப் பாக்கெட்டுகளுக்கு ஐசிஎம்பி (பிணையப் பிழைகளையும் நிலையையும் தெரிவிக்கும் நெறிமுறை) வழியாகப் பதில் தருவதை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றன. எனவே நடுவில் ஒரு கட்டத்தில் 60 விழுக்காடு இழப்பு தெரிந்தாலும், கடைசி முகவரியில் இழப்பே இல்லையென்றால், அந்த ரூட்டர் பாக்கெட்டுகளைத் தொலைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். இழப்பு ஒரு கட்டத்தில் தொடங்கி இறுதிவரை நீடித்தால் மட்டுமே அது கவலைக்குரியது. அப்போதும், பிங் போகும்போது தொலைந்ததா, அதன் பதில் திரும்பும்போது தொலைந்ததா என்பது ஒரு முனையிலிருந்து தெரியாது; மறுமுனையிலிருந்தும் அளந்து, இருபுறச் சாதனங்களின் இடைமுகப் பிழை எண்ணிகளை (இணைப்பு வாயில்களில் நேர்ந்த பிழைகளின் கணக்கை) எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையை வாசிக்க உதவும் நெறிமுறை) வழியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.